திரும்பி வரும் விளக்கு

அத்தைக்கு வழி மறந்துபோய்விட்டது. ஊருக்குப் போகிற வழி இல்லை, கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போகிற வழி. நடுவில் ஜன்னலே இல்லாத ஒரு நடை, பட்டப்பகலிலும் கும்மிருட்டு. ட்யூப்லைட்டைப் போட்டால் கண் கூசுகிறது என்று அணைத்துவிடுவார். அப்புறம் அந்த இருட்டிலேயே நின்று யாரையாவது கூப்பிடுவார். நான் ஓடிப் போவதற்குள் தரை ஈரமாகியிருக்கும். ராத்திரிக்கு எத்தனை தடவை எழுந்திருக்கிறாய் என்று கேட்காதீர்கள், எண்ணுகிற அளவுக்குத் தெம்பில்லை. என் வீட்டுக்காரர் லாரியோடு எங்கேயாவது இருப்பார். போன் போட்டால் "பார்த்துக்கோ" என்பார். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

நாத்தனார்தான் ஒரு முடிவு சொன்னார். "ஞாயித்துக்கிழமை வரேன். அம்மா தானா பாத்ரூம் போயிட்டு வந்தா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா முதியோர் ஹோம்ல சேர்த்துடலாம். நீயும் எவ்வளவுதான் பார்ப்ப?"

அதில் ஒரு தப்பும் இல்லை. ஹோம் என்றதும் விடிய விடியத் தூங்கலாம் என்று மனசு இனித்தது. அது இனித்ததில்தான் எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

நான் வேலை செய்வது சைன்போர்டு கடையில். வாசலில் ஓடிக்கொண்டே இருக்கிற அம்புக்குறி விளக்குகளைப் பார்த்திருப்பீர்கள், அதெல்லாம் எங்கள் கைவேலை. உள்ளே ஷிஃப்ட் ரெஜிஸ்டர் என்று ஒரு சின்ன ஐசி இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் வெளிச்சத்தை ஒரு எல்இடியிலிருந்து அடுத்ததற்குத் தள்ளிவிடும். கடைசிக்குப் போனதும் ஒரு ஒயர் அதை மறுபடி முதலுக்கே கொண்டுவந்து சேர்க்கும். இப்படியே நாள் முழுக்கச் சுற்றும், என்னைப் போல.

பழைய போர்டு ஒன்றை முதலாளியிடம் கேட்டேன்.

"வீட்ல என்ன கடை திறக்கப் போறியா?"

"ஆமா சார். பாத்ரூம் கடை."

சுவரோரமாகக் கட்டிலிலிருந்து பாத்ரூம் கதவு வரைக்கும் பச்சை எல்இடிகளை ஒட்டினேன். தலைமாட்டில் காலிங்பெல் பட்டன் ஒன்று வைத்தேன். அழுத்தினால் ஒரு பச்சைப் புள்ளி கதவை நோக்கி ஓடும். அத்தைக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அழுத்தினார், பின்னாலேயே நடந்தார், கதவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றார், திரும்பிக் கட்டிலுக்கே வந்துவிட்டார். மறுபடி போனார், மறுபடி வந்தார்.

"கதவு எதிர்லயே இருக்கு அத்தை, கண்ணு தெரியலையா?"

"கத்தாத நர்ஸம்மா."

கொஞ்ச காலமாக நான் அவருக்கு நர்ஸம்மாதான். இந்த வீட்டு மருமகளாக வந்து குப்பை கொட்டியதெல்லாம் எந்தக் கணக்கில் போனதோ.

சனிக்கிழமையும் தரை ஈரமானது. துடைத்துக்கொண்டே, வாயில் வந்ததையெல்லாம் முழுங்கிக்கொண்டு கேட்டேன். "ஏன் அத்தை, அவ்வளவு தூரம் போயிட்டு ஏன் திரும்பி வரீங்க?"

"அது திரும்பி வருதே. நானும் வரேன்."

ஈரத்துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விளக்கு கதவருகில் அணைந்து கட்டிலருகில் எரிகிறது. விளக்கு எங்கேயோ அங்கே அவர். அது காட்டியபடி செய்தவரைத்தான் இத்தனை நாளும் திட்டித் தீர்த்திருக்கிறேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

சோல்டரிங் அயர்னைச் சூடாக்கினேன். கடைசியையும் முதலையும் இணைத்த அந்த ஒயரை வெட்டி எறிந்தேன். அந்த ஒயர் வந்து சேர்ந்த ஐசியின் காலை நேராக பேட்டரி பிளஸ்ஸோடு கட்டினேன். இனி ஒவ்வொரு துடிப்புக்கும் புது வெளிச்சம் ஒன்று உள்ளே வரும், எரிந்த எதுவும் அணையாது. கதவு வரைக்கும் வரிசையாக எரிந்து அப்படியே நிற்கும். பட்டனை அழுத்தினால் எல்லாம் அணைந்து முதலிலிருந்து தொடங்கும். பெரிய கெபாசிட்டராக மாற்றி, வேகத்தையும் அத்தையின் நடைக்குக் குறைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பெரிய பையோடு வந்தார். "அம்மா துணியெல்லாம் எடுத்து வச்சிட்டியா?"

"இல்ல அண்ணி," என்றேன். பாதி எடுத்து வைத்திருந்தேன்.

மத்தியானம் அத்தை பட்டனை அழுத்தினார். நாங்கள் ஒதுங்கி நின்றோம். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழக்கமாகத் திரும்புகிற இடத்தில் நின்றார். கடைசி விளக்கும் எரிந்தது, எதுவும் திரும்பி வரவில்லை. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு எரிகிற விளக்குகளையே பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு வந்து சேர்ந்தார்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, இங்கயே இருக்கட்டும்."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி எனக்கு எப்போது ஓய்வு என்றுதான் தோன்றியது. உடம்பெல்லாம் வலித்தது.

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நர்ஸம்மா, நீ படுத்துத் தூங்கு. ராத்திரி எனக்காக எந்திரிச்சு எந்திரிச்சு ஓடி வராத. அதான் விளக்கு இருக்குல்ல."

நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. ராத்திரியெல்லாம் எழுந்து ஓடி வந்தது மட்டும் தெரிந்திருக்கிறது. அண்ணி நிற்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அத்தை நகர்ந்து இடம் விட்டார். அவர் கட்டிலிலேயே படுத்துக்கொண்டேன்.