குடைக் கம்பி ஆன்டெனா

சேவியரின் போட்டோவைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்ததே இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள். கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே மாலையோடு சிரித்துக்கொண்டிருக்கும் அந்த மனுஷனுக்கு எதிரில்தான் தினமும் உட்கார்ந்து சோறு தின்றேன். செத்துப்போனவர், இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் தோன்றும். எனக்கு வயிறு எரிந்ததெல்லாம் அவர் விட்டுப்போன ஆன்டெனாவைப் பார்த்துத்தான்.

சகாயசெல்வியை நான் கட்டிக்கொண்டது இரண்டாயிரத்துப் பதினேழில். எனக்கு நாற்பத்திரண்டு வயது, முதல் கல்யாணம். அவளுக்கு இரண்டாவது, முதல் புருஷன்தான் அந்தச் சேவியர். சித்தையன்கோட்டையில் எனக்கென்று இருந்தது ஒரே ஓர் அறை. அதனால் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லில் அவள் வீட்டுக்கே குடிவந்துவிட்டேன். வீடு சேவியர் கட்டியது, கட்டில் சேவியர் வாங்கியது. தபால்காரர்கூட "சேவியர் வீடுதான?" என்றுதான் கேட்பார். பிரான்சிஸ் என்ற என் பெயர் அந்தத் தெருவில் என் ஆட்டோவின் முதுகில் மட்டும்தான் இருந்தது.

ஆன்டெனா மேற்கு ஜன்னலை ஒட்டிய அலமாரியின் மேல் நிற்கும். ஒரு முழ நீளப் பலகை, அதில் இரண்டு பக்கமும் ஆணியடித்த பழைய குடைக் கம்பிகள், பின்னால் கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலை. கடையில் வாங்கியதில்லை, கையால் செய்தது. மாடியில் வைத்தால் சிறுமலையில் இருந்து இறங்கும் குரங்குகள் ஒரே நாளில் பிய்த்துப் போட்டுவிடும், அதனால் வீட்டுக்குள். அப்போதெல்லாம் கொடைக்கானல் டவரில் இருந்து வரும் அலைவரிசையை அது பிடித்துக் கொடுக்கும். தெருவில் மற்றவர்கள் கேபிளுக்கு மாறிவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கம்பிதான்.

மழை நாளில் படம் புள்ளி புள்ளியாக ஆடும். செல்வி டிவியைப் பார்த்தபடியே எழுந்து போய், இடது பக்கத்து இரண்டாவது கம்பியை விரல் நுனியால் லேசாகத் தள்ளுவாள். படம் நின்றுவிடும். நான் போய்த் தொட்டால் இருக்கிற படமும் போய்விடும்.

"நீங்க கைய எடுங்க," என்பாள். கோபமாக இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புருஷன் பொண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும். ஆனால் அவள் விரல் அந்தக் கம்பியில் படும் பதத்தைப் பார்த்தால், அவருடைய தோளைத் தொடுகிறாளோ என்று எனக்குத் தோன்றும். கேபிள் போட்டுவிடலாம் என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும், "எதுக்குங்க, இதுலயே நல்லா வருதே," என்று முடித்துவிட்டாள். பக்கத்து வீட்டு அழகம்மாள் அக்கா வேறு, படம் பார்க்க வந்து உட்காரும்போதெல்லாம், "சேவியர் இருந்த நாள்லருந்தே இந்த வீட்ல படம் கண்ணாடி மாதிரி விழும்," என்று எரிகிற வயிற்றில் எண்ணெய் விடுவார்.

ஒரு நாள் மிக்சியின் பிளக் கருகிப்போனது. நான் ஆளைக் கூப்பிடக் கிளம்புவதற்குள் செல்வி அரிவாள்மணையில் ஒயரைச் சீவி, புது பிளக்கில் முறுக்கி மாட்டி, தேங்காய்ச் சட்னியும் அரைத்துவிட்டாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பெயர் வரும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வாரமே பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில், பூஸ்டர் வைத்த புது ஆன்டெனா வாங்கினேன். கொடைக்கானல் மலைப் பக்கம் பார்த்து வையுங்கள், பீரோவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒயரைச் சுருட்டிப் போடாதீர்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். செல்வி மில்லில் பகல் ஷிப்டு. அவள் வருவதற்குள் படத்தை வரவைத்துக் காட்டவேண்டும் என்று சமையலறை ஜன்னலில் வைத்தேன், பிரிட்ஜ் மேல் வைத்தேன், ஸ்டூலைப் போட்டு அதன் மேல் இன்னொரு ஸ்டூலைப் போட்டு வைத்தேன். செய்தி வாசிக்கும் பெண்ணுக்கு இரண்டு தலை வந்தது, அவ்வளவுதான். கடைசியில் டிவி மெக்கானிக் மோகன்குமாருக்குப் போன் போட்டேன்.

அவன் வந்தான். என் புது ஆன்டெனாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலமாரிக்கு முன்னால் நின்று குடைக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் அளந்தான்.

"இத யாருண்ணே செஞ்சது?"

"முன்னாடி இருந்தவர்," என்றேன்.

"சும்மா ஆணியடிச்சது இல்லண்ணே. கம்பி நீளம், நடுவுல விடுற எடம், எல்லாம் கணக்குப் போட்டு வெட்டிருக்கு. படிச்ச கை. எடத்தையும் பாத்துத்தான் புடிச்சிருக்காங்க, இந்த வீட்ல சிக்னல் இந்த ஒரு மூலையிலதான் வரும். நான் இதுல கை வைக்க மாட்டேன்."

என் காசில் வந்தவன், என் வீட்டில் நின்றுகொண்டு, அவரைப் புகழ்ந்துவிட்டுப் போகிறான். என் வீடு என்று நான் சொல்லிக்கொண்டாலும் அது அவர் வீடுதான் என்பது வேறு நினைவுக்கு வந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற என் கை மூட்டை தூக்கும், ஸ்டியரிங் பிடிக்கும். படிச்ச கையோடு எப்படி மல்லுக்கு நிற்பது?

வாசலில் பழைய இரும்புக்கார ஆண்டிச்சாமி மணியடித்துக்கொண்டு போனார். நான் யோசிக்கவில்லை. அலமாரி மேல் இருந்ததை ஒயரோடு பிடுங்கினேன். முழங்காலில் வைத்துப் பலகையை இரண்டாக உடைத்தேன். கம்பிகளைக் கொத்தாக வளைத்து, வலையில் சுருட்டி அவர் சாக்கில் போட்டேன். "காசு வேணாம், கொண்டு போங்க," என்றேன். அவர் போன பிறகு, புது ஆன்டெனாவை அதே மூலையில், அதே அலமாரி மேல் வைத்தேன். படம் வந்தது. நன்றாகவே வந்தது. கல்யாணம் ஆனதில் இருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்ததில்லை.

ஆறு மணிக்குச் செல்வி வந்தாள். தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே டிவியைப் பார்த்தாள், பிறகு அலமாரியைப் பார்த்தாள்.

"புதுசாங்க?"

"ஆமா. படம் எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு." பையை இறக்கி வைத்தாள். "பழச எங்க வச்சிருக்கீங்க?"

"இரும்புக்காரர்ட்ட போட்டுட்டேன். எம்புட்டு நாளைக்கு அவர் செஞ்சதையே கட்டிக்கிட்டு அழுவுறது?"

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். சண்டை வந்தால் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் என்னை ஏதோ புது ஆளைப் பார்க்கிறதுபோல் பார்த்தாள்.

"யாரு செஞ்சது?"

"சேவியர்தான்."

"அவருக்குப் பல்பு மாட்டவே பயங்க. அதச் செஞ்சது நான்."

டிவியில் யாரோ உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சத்தத்தைக் குறைத்தேன்.

"ஐடிஐயில ரெண்டு வருஷம் ரேடியோ டிவி மெக்கானிக் படிச்சேன். கடையில யாரும் பொம்பளைப்பிள்ளைய வேலைக்கு வைக்கல, அதான் மில்லுக்குப் போனேன். கல்யாணமாகி வந்த வருஷம் கொட கிழிஞ்சு கெடந்துச்சு, அதுல செஞ்சது."

"நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையேங்க."

கேட்கவில்லைதான். செத்துப்போனவர் பெயர் வந்துவிடும் என்று பயந்து, உயிரோடு இருப்பவளிடம் நான் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. அவள் விரல் அந்தக் கம்பியை அத்தனை பதமாகத் தொட்டது அது அவள் வெட்டிய கம்பி என்பதால். அதைத்தான் நான் முழங்காலில் வைத்து உடைத்திருக்கிறேன்.

"ஆண்டிச்சாமி கடை எனக்குத் தெரியும், போய் வாங்கிட்டு வாரேன்," என்று சட்டையை எடுத்தேன்.

"வேணாங்க. குடைக் கம்பிக்கா பஞ்சம். ஒரு மணி நேரத்துல இன்னொன்னு செஞ்சிரலாம்." அவள் முகம் கழுவப் போனவள், கதவருகே நின்றாள். "அப்ப செஞ்சப்ப, வீட்டுக்கு யாரு வந்தாலும் அவங்க கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து அவரு காட்டுவாரு. எம் பொண்டாட்டி செஞ்சது, பாருங்கன்னு. கேஸ் சிலிண்டர் போட வந்த ஆள்ட்டகூடக் காட்டினாரு. இப்பச் செஞ்சு யாருகிட்டங்க காட்டுறது?"

குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. என்கிட்ட காட்டு என்று சொல்லியிருக்கலாம். சட்டையைக் கையில் பிடித்தபடி போட்டோவை நிமிர்ந்து பார்த்தேன். முதல் தடவையாக அந்த ஆள் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது.