சுடாத பூக்குழி

...ஆத்தா தாங்கிக்கொண்டாளாம், யாரை, எந்தக் காலை, குணாளன் ஆற அமரப் பூக்குழி இறங்கி வந்ததைப் பார்த்து எஸ்டேட்டே கையெடுத்துக் கும்பிட்டது, பூசாரி மாயாண்டி விபூதியை அள்ளிப் பூசினார், தணல் சுடவில்லை என்பது உண்மைதான், ஆனால் ஆறு மாதமாகக் காலைப் பனிப்புல்லும் குளிரவில்லை, டிராக்டரில் பிரேக்கை மிதித்தோமா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்... குணாளன் வாயைத் திறந்தானா? எப்படித் திறப்பது? தங்கை தனலெட்சுமி தன் சிறுநீரகத்தில் ஒன்றை அவனுக்குக் கொடுத்தவள், அது ஒட்டினால் அண்ணனைத் தீ மிதிக்க வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டவள், அவளிடம் போய்க் கால் மரத்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

இப்போது அவன் காலடியில் உட்கார்ந்து புண்ணில் ஒட்டிய துணியை உரிக்கிறாள், வெந்த தோலும் கூடவே வருகிறது, வலி இல்லை, வலித்தால் தேவலை. நேற்று அவள் மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டர் சொன்னார், உங்கள் எதிர்ப்புச் சக்தியே உங்கள் நரம்பை அரிக்கிறது, மாற்று உறுப்பு வைத்தவர்களில் யாரோ சிலருக்கு வரும், அபூர்வம்... அபூர்வமாம், லாட்டரி நம்பர் எடுத்தால் ஒரு நாளும் விழாத அதிர்ஷ்டம் இதில் விழுந்திருக்கிறது. அந்தச் சக்தியை அடக்கத்தானே காலையும் மாலையும் மாத்திரை? வந்து சேர்ந்த உறுப்பை விட்டுவிட்டுக் கூடப் பிறந்த நரம்பைக் கடிக்கிறது, வேலியே பயிரை மேய்ந்த கதை, தூ. தீ மிதித்த பிறகுதான் மரத்தது என்று இவளிடம் சொல்லிவிடலாமா, ஆத்தாவாவது மிஞ்சுவாள்... வேண்டாம், போதும்.

"தனம், காலு எப்பவோ மரத்துப் போச்சு. ஆத்தா ஒண்ணும் தாங்கல."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்ணே. திருவிழாவுக்குக் கொடி ஏத்துன அன்னைக்கே ஒத்தச் செருப்பு கழண்டு விழுந்துச்சு, நீ பாட்டுக்கு நடந்து போற. நான்தான் எடுத்துட்டு வந்தேன்."

"அப்பவே கேக்க வேண்டியதுதானே?"

"எங் கிட்னிதான் கெட்டுப் போச்சோன்னு பயம்லா. நேர்த்திய முடிச்சிட்டா சரியாயிடும்னு நெனச்சேன்."

புதுத் துணியைச் சுற்றத் தொடங்கினாள். கோபப்பட வேண்டும், யார்மேல் படுவது, ஆறு மாதமும் இவளுக்காகத்தானே வாயை மூடிக்கொண்டு கிடந்தான்... முன்பே சொல்லியிருந்தால் தடுத்திருப்பாளா? தடுத்திருக்க மாட்டாள், வாண்ணே என்று கையைப் பிடித்து இறக்கியிருப்பாள், அவனும் இறங்கித்தான் இருப்பான்...