வலது பக்கச் சக்கரம்

பின்னால் துணைக்கு மாட்டியிருந்த இடது பக்கச் சின்னச் சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் உருட்டிவிட்டு, காளிராஜ் மோட்டார் சைக்கிளின் வலது பக்கத்துக்கு வந்து குத்தவைத்தான். கையில் ஸ்பேனர் இருந்தது. இந்தப் பக்கம் சக்கரம் ஏற்கனவே இல்லை. இரண்டையும் தாங்கிய இரும்புச் சட்டத்தை மட்டும் கழற்றினால் போதும். நாலு போல்ட், பத்து நிமிஷ வேலை. ஆனாலும் கை எழும்பவில்லை.

வீட்டு வாசலில் சங்கு ஊதினார்கள். நீர்மாலைக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று அர்த்தம். அண்ணன் பேச்சிராஜாவின் உடம்பைக் குளிப்பாட்டக் குடத்தில் தண்ணீர் எடுத்து வர வேண்டும். அண்ணனுக்கு ஆண் பிள்ளை இல்லை. குடம் எடுப்பதும் கொள்ளி வைப்பதும் தம்பிதான். அந்தத் தம்பி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தன் வெல்டிங் பட்டறையில் உட்கார்ந்திருந்தான்.

நேற்றுச் சாயங்காலம் பசுவந்தனை ரோட்டில், அண்ணன் கடைகளுக்குக் கடலை மிட்டாய் போட்டுவிட்டுத் திரும்பும்போது, வண்டியின் வலது பக்கச் சக்கரம் கழன்று ஓடிவிட்டது. வண்டி சாய்ந்து, பேச்சிராஜாவின் தலை பாலத்துச் சுவரில் மோதியது. ஆஸ்பத்திரியில் விடியும்வரை மூச்சு இருந்தது. அறுத்துக் கட்டி உடம்பை வீட்டுக்குக் கொண்டுவர மத்தியானம் ஆகிவிட்டது. வண்டியை அந்தப் பக்கத்து ஆட்கள் நல்லெண்ணத்தில் லோடு ஆட்டோவில் ஏற்றி, பட்டறையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஸ்டேஷன் ரைட்டர் போனில் கத்தினார். ஐந்து மணிக்கு வண்டியைச் சோதிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார், அதற்குள் வண்டி ஸ்டேஷனில் நிற்க வேண்டுமாம். இப்போது மணி இரண்டேகால்.

சக்கரங்களைக் கழற்றச் சொன்னது இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தங்கப்பாண்டியன் அண்ணாச்சி. பேச்சிராஜாவோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர். மாலையைப் போட்டு, துண்டால் வாயைப் பொத்தி அழுது முடித்து, நேராகப் பட்டறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"காளி, கம்பெனிகிட்ட இருக்க வீடியோவுல இந்த வண்டிக்கு ரெண்டு சக்கரம்தான். இன்ஸ்பெக்டர் நாலுன்னு எழுதிட்டார்னா, வண்டியை மாத்துனதை மறைச்சு பாலிசி எடுத்திருக்கான்னு சொல்லி ஒத்த ரூவா தர மாட்டான். உன் மதினி வள்ளிமயிலையும் பிள்ளையையும் நெனைச்சுக்கோ."

ஊரே பார்த்த வண்டியாச்சே என்று காளிராஜ் கேட்டான்.

"ஊருக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரியாதுல்லா" என்றார் அவர். கெட்ட மனுஷர் இல்லை. அழுது சிவந்த கண்ணோடுதான் சொன்னார். பேச்சிராஜாவின் மகள் சீனித்தாய் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மிட்டாய் விற்ற காசில் ஓடிய வீடு அது. அந்தப் பணம் வந்தால்தான் அவள் படிப்பு முடியும்.

பேச்சிராஜாவுக்கு ஆறு வருஷத்துக்கு முன் நூல் மில்லில் இடது கால் போனது. கால் இருந்தது, அதில் பலம் இல்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்து சிடுசிடுத்துக்கொண்டிருந்தவனுக்கு, அவனுடைய பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் இரண்டு பக்கமும் நீளும்படி சட்டம் செய்து போல்ட் போட்டு, சின்னச் சக்கரங்கள் மாட்டி, கையால் கியர் போட ஒரு கம்பியும் வைத்துக் கொடுத்தான் காளிராஜ். முதல் நாள் ரயில்வே ஸ்டேஷன்வரை போய்த் திரும்பிய அண்ணன், வண்டியைவிட்டு இறங்க மனசில்லாமல் வாசலிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, தம்பி செய்தது என்று காட்டினான்.

போன மாதம் போலீஸ் மடக்கியபோதுதான் இன்சூரன்ஸ் நாலு மாதமாக முடிந்து கிடப்பது தெரிந்தது. திரும்ப எடுப்பதானால் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வண்டியும் இருக்க வேண்டும். அண்ணன் முறையாகச் செய்துவிடுவோம் என்றான். கால் ஊனமானவர்களுக்கு வழி இருக்கிறது, ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிச் சக்கரத்தைப் பதிந்துகொள்ளலாம் என்று விசாரித்து, டாக்டர் சான்றிதழ்கூட வாங்கி வைத்திருந்தான். காளிராஜுக்குத் தொழிலில் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. வெல்டிங் ராடைக் கையால் தொட்டறியாத ஆபீசர் தன் வேலைக்கு மார்க் போடுவதா என்று அவனுக்கு ரோஷம்.

"நான் செஞ்சதுக்கு எவன்ட்டண்ணே சர்டிபிகேட் வாங்கணும்? அரை மணி நேரம் கழட்டி வச்சு படம் எடுப்போம், திருப்பி மாட்டிருவோம்" என்றான். அண்ணன் முகம் தெளியவில்லை. ஆனாலும் தம்பி பேச்சைத் தட்ட மாட்டான்.

கழற்றினார்கள், படம் எடுத்தார்கள். திருப்பி மாட்டும்போது கோயில் கொடை விழாவுக்கு அலங்கார வளைவு செய்யச் சொல்லி நாலு பேர் வந்து வாசலில் நின்றார்கள். இடது பக்கத்தை முடித்தான். வலது பக்கத்து நட்டை முறுக்கினான். அதுவரைதான் நினைவிருந்தது.

நட்டை முறுக்கினால் மட்டும் போதாது. ஓட்டத்தில் கழலாமல் இருக்க, அச்சின் முனையில் இருக்கும் துளைக்குள் சின்னதாக ஒரு பின்னைச் செருகி மடக்கிவிட வேண்டும். அதைப் போட்டோமா இல்லையா என்பதுதான் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றதிலிருந்து அவனை அரித்துக்கொண்டிருந்தது. அச்சின் முனையில் கிரீசும் கரிசல் மண்ணும் அப்பிக் கிடந்தன. துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பின் போட்டிருந்தால் முறிந்த துண்டாவது துளைக்குள் சிக்கியிருக்கும். போடாவிட்டால் ஒன்றும் இருக்காது. மூன்று தரம் துணியைக் கையில் எடுத்து மூன்று தரமும் கீழே வைத்துவிட்டான். பார்க்காமலேயே சட்டத்தைக் கழற்றிப் பழைய இரும்போடு இரும்பாகப் போட்டுவிட்டால், அண்ணன் குடும்பத்துக்கும் பணம் வரும், அவனும் தப்பித்துக்கொள்ளலாம். அண்ணாச்சி சொன்ன யோசனையில் இந்த இரண்டாவது லாபமும் தனக்குப் பிடித்திருந்தது என்று தெரிந்தபோது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

துணியை எடுத்து அழுத்தித் துடைத்தான். ஊசிக் கம்பியால் துளையைக் குத்தி மண்ணைத் தள்ளினான். துளை வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

பின்கதவு திறந்தது. வள்ளிமயில் நின்றாள். குளிக்க வைத்துப் புதுச்சேலை கட்டி, கடைசியாக ஒரு தடவை தலை நிறையப் பூ வைத்துவிட்டிருந்தார்கள். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று பெண்களிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் போல. நீர்மாலைக்கு அவனைத் தேடுகிறார்கள் என்றாள். பிறகு சுவரோரம் கிடந்த சக்கரத்தைப் பார்த்தாள்.

"இதை ஏன் கழட்டுதீங்க தம்பி?"

அண்ணாச்சி சொன்னதை அவன் சொன்னான். அவள் பாதியைக் கேட்டாள், பாதியைக் கேட்கவில்லை. வண்டியின் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போன வாரம் பூரா வலது பக்கம் கடகடன்னு சத்தம் வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. தம்பிட்ட காட்டுங்கன்னேன். கொடை வேலையில தவிக்கான், முடியட்டும்னுட்டாவ."

காளிராஜ் ஸ்பேனரைத் தரையில் வைத்தான். இப்போது சொல்லாவிட்டால் சாகும்வரை சொல்ல முடியாது என்று தெரிந்தது.

"அங்கன ஒரு பின் போடணும் மதினி. நான் போடல."

அவளுக்குப் புரியவில்லை. துளையைக் காட்டிச் சொன்னான். அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். வாசலில் இரண்டாம் தரம் சங்கு ஊதினார்கள். அவள் அடித்திருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"நான் ஒத்துக்கிட்டேன்னா உங்களுக்குப் பணம் வராது. ஒத்துக்கிடலைன்னா..."

வள்ளிமயில் சீட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சக்கரம் இல்லாம வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துனா, அவிய எப்படி விழுந்தாவன்னு எழுதுவாவ?"

அவன் அதை யோசித்திருக்கவில்லை. "தானா சாஞ்சு விழுந்ததாத்தான் எழுதுவாவ."

"கால் வெளங்காதவன் ரெண்டு சக்கர வண்டியில ஏறி, விழுந்து செத்தான்னு." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "அவிய அப்படி ஆளா தம்பி? பேப்பரைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சது அவியதான?"

அவள் சுவரோரம் போனாள். சேலை முந்தானையில் கிரீஸ் படுவதைப் பார்க்காமல், இடது பக்கச் சக்கரத்தை நிமிர்த்தி அவன் பக்கமாக உருட்டினாள்.

"மாட்டுங்க. பிள்ளை படிப்புக்கு நான் எங்கனயும் வேலைக்குப் போய்க்கிடுதேன்." கதவருகில் போய் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. "உங்ககிட்ட பேசுறதுக்கு எனக்கு நாள் ஆகும். வருமான்னும் தெரியல. இப்ப வந்து அவியளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்க."

இடது பக்கச் சக்கரத்தை மாட்டினான். பின்னைச் செருகி மடக்கினான். கையைக் கழுவினான், நகக்கண்ணில் கருப்பு போகவில்லை. அந்தக் கையோடுதான் நாலு பேர் விரித்துப் பிடித்த வெள்ளை வேட்டிப் பந்தலுக்குக் கீழே நடந்து குடத்தில் தண்ணீர் எடுத்து வந்தான். அந்தத் தண்ணீரை அண்ணன் தலையில் ஊற்றியபோது காயத்துத் தையல்மேல் படாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டான். படுவதால் இனி ஒன்றுமில்லை என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அப்போதுதான் அவன் வாய்விட்டு அழுதான்.

சுடுகாட்டிலிருந்து பட்டறைக்கு வந்து, வீட்டுக்குள்கூடப் போகாமல், லோடு ஆட்டோவில் வண்டியை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். தங்கப்பாண்டியன் அண்ணாச்சி கேட் பக்கம் காத்திருந்தார். வண்டியில் சக்கரத்தைப் பார்த்ததும் கையை விரித்தார், பக்கத்தில் வரவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். போன் வெளிச்சத்தை அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆர்.சி.யில் இதெல்லாம் இல்லையே, யார் மாட்டினது என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றான் காளிராஜ். "வலது பக்கம் பின் போடாம விட்டதும் நான்தான்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து அவனுடைய மொட்டைத் தலையையும் ஈர வேட்டியையும் பார்த்தார்.

"இறந்தவருக்கு நீங்க என்ன வேணும்?"

"தம்பி."

அவர் குனிந்து நிதானமாக எழுதினார். பெயருக்கு இனிஷியல் மட்டும் கேட்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

காளிராஜ் போகாமல் நின்றான். வண்டியின் பின்னால் மிட்டாய் டப்பாக்களைக் கட்டும் கயிறு அவிழ்ந்து தரையில் புரண்டது. ஓடும்போது சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும் என்று நினைத்து, அதைச் சுருட்டி மேலே செருகக் குனிந்தான்.

"அண்ணே, தொடாதீங்க" என்றார் கான்ஸ்டபிள். "இனி அது கேஸ் வண்டி."

அவன் கையை எடுத்துக்கொண்டான்.