துரை அழுத கதை

வீடியோ காலில் துரையின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அக்கா தீர்ப்பு எழுதிவிட்டாள். வெள்ளைவெளேரென்ற அந்த நாய்க்கு இரண்டு கண்ணுக்கும் கீழே செம்பழுப்பாய் இரண்டு கோடுகள். தான் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன ஏக்கத்தில் அது அழுதழுதே அப்படி ஆகிவிட்டதாம். அடுத்த மாதக் கடைசியில் வந்து கையோடு கூட்டிப்போகிறாளாம்.

தம்பி துரையை விட்டுக்கொடுப்பதாக இல்லை. கல்லூரி விட்டு வரும்போது அந்த வீட்டில் அவனை எழுந்து நின்று வரவேற்கும் ஒரே ஜீவன் துரைதான். அன்றைக்கே அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினான்.

மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஏக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மூக்கோர முடி மடிந்து கண்ணைக் குத்துகிறது, நீர் வடிந்து வடிந்து கறை கட்டியிருக்கிறது என்றார். குத்திய முடியை வெட்டினார். காலையும் மாலையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுக்கச் சொன்னார். கறை ஏறிய முடி வெளுக்காது, வளர வளர வெட்டிவிடுகிறேன், பொறுமை வேண்டும் என்றார்.

தன் முகத்துக்கே வேண்டாவெறுப்பாகத் தண்ணீர் காட்டுகிறவன், துரையின் தாடையைத் தாங்கிப் பூப்போலத் துடைத்தான். இதில் பாதிக் கவனம் பாடத்தில் இருந்திருந்தால் என்று அம்மா ஆரம்பிக்கும்போதெல்லாம், துரைக்குச் சத்தம் ஆகாது என்று அடக்கினான். கோடுகள் மங்க மங்க, ஜன்னல் வெளிச்சத்தில் துரையைத் தூக்கிப் பிடித்து இவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத் துரையே கொஞ்சம் பயந்தது.

அக்கா மாமாவோடு வந்திறங்கினாள். துரை வாலோடு உடம்பு மொத்தத்தையும் ஆட்டிக்கொண்டு பாய்ந்தது. வாரி எடுத்தவள் அதன் முகத்தைப் பார்த்தாள். தேய்த்துக் கழுவிய பீங்கான் தட்டு மாதிரி இருந்தது. அவள் முகம் விழுந்துவிட்டது.

மாமா இன்னும் வாசலில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்டா, என்னை நெனச்சு அழுதுட்டே இருக்கான்னு. அப்ப இவன் அழவே இல்லையா?"

மடிந்த முடியின் வரலாறு தம்பியின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினான்.

"அழுதான்க்கா. நீ போன புதுசுல சோறு தண்ணி இறங்கல. நான்தான் தேத்தி வெச்சிருக்கேன்."

"எத்தனை நாள் அழுதான்?"

"ஒரு வாரம்."

"ஒரு வாரந்தானா?"

அவள் கை துரையை இறுக்கிக்கொண்டதைத் தம்பி பார்த்தான்.

"துடைச்சு விட்டது போக, ரெண்டு மாசம்."

அக்காவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கொஞ்சம் யோசித்தாள். பிறகு துரையை அவன் கையில் கொடுத்தாள். "தேறி வர்ற புள்ளைய மறுபடி இடம் மாத்தக் கூடாது. இங்கயே இருக்கட்டும்."

தம்பி கூரை வரை குதிக்க வேண்டியவன், துரைக்காகத் தரையிலேயே நின்றான். அக்கா வாசல் பக்கம் திரும்பிக் குரல் கம்மச் சொன்னாள்: "பாவங்க, ரெண்டு மாசம் அழுதிருக்கான்."

மாமா எட்டிப் பார்த்தார். துரை வாய் பிளந்து கொட்டாவி விட்டது.