உண்ணித் தொட்டி

கிழக்கு வெளுக்குமுன்பே தொட்டி நிரம்பிவிட்டது. பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தை ஊற்றியதும் தண்ணீர் பால்போல் வெளுத்து நெடி அடித்தது. போன வாரம் உண்ணி உதிரவில்லையென்று ஆட்டுக்கும் காட்டுக்கும் சொந்தக்காரரான பண்ணாடி செங்கோட்டையன் இன்னொரு டப்பாவையும் கவிழ்த்திருந்தார். பூவாத்தாள் செம்மறிகளை இழுத்துக் கொடுக்க, அவள் தம்பி சுப்பையன் தொட்டிக்குள் இடுப்பளவில் நின்று முக்கி எடுத்தான்.

"இதுல முழுகுனா என் பேனும் போயிரும்க்கா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். துளி ரத்தம் இல்லை. தாடைக்கடியில் நீர்ப்பை தொங்கியது. ஏற்கெனவே செத்த ஆடுகளை அறுத்தபோது ஈரலில் இலைபோலப் புழுக்கள் நெளிந்ததைப் பட்டியாட்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். புழு மருந்து கொடுங்கள், ஏரிச் சேற்றில் மேய்க்காதீர்கள் என்று மாட்டு டாக்டரும் சொல்லிவிட்டுப் போனார். பண்ணாடியோ மேட்டு மேய்ச்சல் காட்டை உழுது மரவள்ளி நட்டுவிட்டார். ஆடுகளுக்குச் சேறுதான் மிச்சம். செத்தால் பழி உண்ணிமேல், உண்ணியைப் பொறுக்கி எடுக்காத ஆட்கள்மேல்.

ஒரு கிடாய் உதைத்தது. சுப்பையன் மல்லாந்து மூழ்கினான். மற்ற ஆட்கள் அவனை வெளியே தூக்கிப்போட்டுக் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினார்கள். வாயில் நுரை தள்ளியது. கண்மணி கடுகாய்ச் சுருங்கிக் கைகால் வெட்டியிழுத்தது.

"வண்டியப் பூட்டோணுங்க பண்ணாடி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோணும்" என்றாள் பூவாத்தாள்.

"மோரக் குடுத்து நெழல்ல போடு. பாதி ஆடு நிக்குது, மருந்து வீணாப்போகும்."

"ஆடு சாவறது புழுவுலீங்க. டாக்டரு சொன்னாருங்களே."

"டாக்டருக்குப் படிச்சிருக்கறயா நீ?"

"படிக்கலீங்க." பதில் சொன்னவன் கருப்பண்ணன். பண்ணாடி முன்னால் வாயே திறக்காத பட்டியாள். "மருந்து அத்தன நல்லதுன்னா நீங்களே ஒருக்கா எறங்கிப் பாருங்களே."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செங்கோட்டையன் முகம் கறுத்தது.

"வண்டியத் தொட்டா அத்தன பேரும் குடிசையக் காலி பண்ணோணும்."

குடிசைகள் நிற்பது பண்ணாடியின் காட்டில். யாருக்கும் வேறு போக்கிடம் கிடையாது. பூவாத்தாள் திரும்பிப் பார்த்தாள். கருப்பண்ணன் மாட்டை நுகத்தில் பூட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் பிடித்திருந்த ஆடுகளை விட்டுவிட்டுச் சுப்பையனைத் தூக்கி வண்டியில் கிடத்தினார்கள்.

"போறவங்க திரும்பி வராதீங்க!"

"வருவமுங்க," வண்டியில் ஏறித் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "இவன் பொழச்சாலும் வருவோம், பொழைக்காட்டியும் வருவோம். தொட்டியில எறங்கமாட்டோம். ஏரிக்குள்ள ஆடோட்டமாட்டோம். குடிசையவும் உடமாட்டோம்."

ஆஸ்பத்திரி இருக்கும் நாமகிரிப்பேட்டைச் சாலையில் வண்டி ஏறியது. சுப்பையன் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. பண்ணாடியின் கூப்பாட்டுக்குத் தொட்டியடியில் ஓர் ஆள் மிச்சமில்லை. அத்தனை பேரும் வண்டிக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாய் வந்துகொண்டிருந்தார்கள்.