மூன்று ஊர் சுற்றிய கண்மலர்

சிங்கப்பூர் விமான நிலையத்தில் அந்தச் சீன அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தான். கிறிஸ்துராஜைப் பார்த்தான். மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தான். படத்தில் சுருட்டை முடியும் கிருதாவுமாக ஒருத்தன் முறைத்துக்கொண்டிருந்தான். எதிரே நின்றவனுக்கு மழமழவென்று மொட்டை.

"டெம்பிள்?" என்றான் அதிகாரி, தன் தலையைத் தடவிக் காட்டி.

"சர்ச்," என்றான் கிறிஸ்துராஜ். 

முத்திரை விழுந்தது. பின்னால் நின்ற மனைவி ஜெயசீலி அவன் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். "தலைய யோசிச்சீங்களே, போட்டாவ யோசிச்சீங்களா? பெரிய மூளைக்காரரு."

மூளைக்காரன்தான். ஆவடி ராணுவ டாங்கி ஃபேக்டரியில் வேலை செய்கிறவன் வெளிநாடு போவதென்றால் மேலிடத்து அனுமதி வேண்டும். அது வந்து சேர்வதற்குள், ஜெயசீலியின் தம்பி அந்தோணிராஜ் சிங்கப்பூரிலிருந்து எடுத்து அனுப்பிய டிக்கெட் வீணாகிவிடும். கேட்காமல் போனது தெரிந்தாலோ வேலைக்கே உலை. அதனால் வேளாங்கண்ணியில் வேண்டுதல் என்று சொல்லி லீவு போட்டுவிட்டான். வேளாங்கண்ணி போனவன் மொட்டையோடு திரும்ப வேண்டும். திரும்பி வந்து அடித்தால் பச்சை மொட்டை காட்டிக்கொடுத்துவிடும். கிளம்பும்போதே அடித்துவிட்டால், ஊர் சுற்றி முடிப்பதற்குள் முடி சரியான அளவுக்கு முளைத்து நிற்கும். இப்படியெல்லாம் யோசித்துத்தான் மீனம்பாக்கம் போகிற வழியில் ஒரு சலூனில் தலையைக் கொடுத்தான்.

அவன் யோசிக்காத ஒன்று பேன்ட் பாக்கெட்டில் கிடந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் ஃபேக்டரி வாசலில், அதே செக்‌ஷன் சண்முகசுந்தரம் சைக்கிளை ஓரம் கட்டி, அவன் உள்ளங்கையில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்து மூடினான். பிரித்தால், வெள்ளியில் இரண்டு கண்மலர், கண் நோய் தீர நேர்ந்துகொண்டு காணிக்கை போடுவது. சண்முகத்துக்கும் அவன் மனைவி பத்மாவுக்கும் ஒரே மகள் சுசீலா; அவளுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது.

"மாதா காலாண்ட நீயே உன் கையால போட்டுடு மச்சான். பத்மா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பச்சத்தண்ணி பல்லுல படாம கீறா. வேற யாரண்ட குடுக்கச் சொல்ற?"

வேண்டாம் என்று சொல்வதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். கிறிஸ்துராஜ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அடுத்த மாதம் நிஜமாகவே ஒரு நடை போய்ப் போட்டுவிட்டால் தீர்ந்தது, யாருக்கு என்ன நஷ்டம்?

முதல் நாள் மத்தியானமே அந்தோணிராஜ் அவர்களை சிராங்கூன் ரோட்டு ஓட்டல் ஒன்றுக்கு இழுத்துப் போனான். வாழை இலைக்குப் பக்கத்தில் சட்டி நிறைய மீன்தலைக் குழம்பு வந்து இறங்கியது. வெண்டைக்காயும் தக்காளியும் மிதக்க, புளிவாசனை மூக்கைத் துளைக்க, நடுவில் ஒரு முழுத்தலை. வெந்து வெளுத்த கண் கிறிஸ்துராஜைப் பார்த்தபடி இருந்தது.

"கண்ணத் துன்னு மாமா, அதான் டேஸ்ட்டே. இந்த ஊர்ல அதுக்கு அடிதடியே நடக்கும்."

"நீயே துன்னுப்பா."

"இன்னா மாமா, மொட்ட அடிச்சதும் சாமியாரா ஆயிட்டியா?"

அந்தோணிராஜ் விரலால் தோண்டி வாயில் போட்டுச் சப்பினான். கிறிஸ்துராஜ் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

கோலாலம்பூருக்கு பஸ். அங்கே தெருவோரத்தில் கரி அடுப்பை விசிறியபடி ஒருவன் குச்சியில் கோழித்துண்டுகளைச் சுட்டு, வேர்க்கடலைச் சாற்றோடு கொடுத்தான். ஜெயசீலி நாக்கைச் சுழற்றித் தின்றாள். மசூதி, பூங்கா, பட்டாம்பூச்சித் தோட்டம். எங்கே கேமராவைத் தூக்கினாலும் கிறிஸ்துராஜ் நகர்ந்துகொண்டான், போட்டோ சாட்சியாகிவிடும். எல்லாப் படத்திலும் ஜெயசீலி தனியாக, புருஷன் ஓடிப்போனவள் போலச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அன்று ஓட்டல் அறையில் அவன் பேன்ட்டை அலசப் போனவள் ஈரக்கையோடு வெளியே வந்தாள். கையில் வெள்ளி.

"யாருது இது?"

சொன்னான்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நம்ம பொய்யி நம்மளோட போவட்டும்னுதான் நானும் வாய மூடிகினு கூட வந்தேன். அந்தப் பொண்ணு கண்ண எதுக்குங்க தூக்கிகினு வந்தீங்க?"

பாங்காக்கில் கால்வாய்ப் படகில் போனார்கள். தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டுச்சோறும் மாம்பழமும் ஒரு கிழவி படகுக்குப் படகு நீட்டினாள். ஜெயசீலி தொடவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. யாருக்காக என்று அவன் கேட்கவில்லை. ஆற்றங்கரையில் ஒரு மாதா கோயில் தென்பட்டதும், "இங்கயும் அதே மாதாதான், போட்டுட்டு வந்துடுங்க," என்று தள்ளினாள். அவன் உள்ளே போனான். உண்டியல் வரைக்கும் போனான். முன்வரிசையில் ஒருத்தி புரியாத பாஷையில் அழுது செபித்துக்கொண்டிருந்தாள். சண்முகம் கேட்டால் எந்த ஊர் மாதா என்று சொல்வது? பொட்டலத்தை மூடித் திரும்பிவிட்டான்.

ஊர் திரும்பி, ஆவடியை ஒட்டிய சேக்காட்டு வீட்டுக்கு வந்து சூட்கேஸைக்கூடத் திறக்கவில்லை, வாசலில் சைக்கிள் மணி. சண்முகம். பின்னால் கேரியரில் சுசீலா. கிறிஸ்துராஜ் சூட்கேஸ் கைப்பிடியில் தொங்கிய விமான லக்கேஜ் சீட்டைப் பிய்த்துக் கசக்கிவிட்டு எழுந்தான்.

"வா மச்சான்."

சண்முகம் அவன் தலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். தலைக்குத்தான் கும்பிட்டான். "போட்டியா?"

சமையலறை வாசலில் ஜெயசீலி. சுவரில் சாய்ந்து, கிறிஸ்துராஜின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டேன்."

"தெரியும் மாமே. பத்மா சொல்லிகினே இருந்தா. நீ போன மறுநாள்லேந்து கொழந்த தெளிவா கீறா. நாளைக்கு ஆபரேசன்னு தேதி குடுத்துட்டாங்க. டாக்டரு கையில பாதி, மிச்சம் பாதி மாதா கையிலன்னு கூட்டியாந்தேன். அங்கேந்து எண்ண எட்தாந்திருப்ப இல்ல? ஒரே ஒரு சொட்டு வச்சி வுடு. நீ போய்ட்டு வந்த கையி."

எண்ணெய். வேளாங்கண்ணி போய்வந்த எந்த வீட்டில் அந்தக் கோயில் எண்ணெய் இருக்காது? கிறிஸ்துராஜ் மனைவியைப் பார்த்தான். அவள் அசையவில்லை.  அவளைத் தாண்டித்தான் சமையலறைக்குள் போக வேண்டியிருந்தது. போனான். அடுப்பு மேடையில் தேங்காய் எண்ணெய்க் குப்பி, அவர்கள் கிளம்பிய அன்றைக்கு வைத்தபடியே தூசி படிந்து நின்றது. மூடி திறக்கும் சத்தம் கூடத்து வரைக்கும் கேட்டிருக்கும்.

திரும்பி வந்தபோது சண்முகம் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கட்டி நின்றான். மொசைக் தரையில் கிறிஸ்துராஜின் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"அங்கிள், எரியுமா?" என்றாள் சுசீலா.

"எரியாதும்மா."

குழந்தை சிரித்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டு, குதிகாலை உயர்த்தி, எந்தப் பக்கம் அவன் நிற்கிறான் என்று சரியாகத் தெரியாமல், முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நீட்டிக் காத்திருந்தாள்.