பச்சைத் தண்ணீர்

பீரோவுக்குப் பின்னால் சுவரில் பூசணம் பூத்திருந்தது. உள்ளே மனைவியின் நல்ல கோட்டின் தோளிலும் கறுப்புப் புள்ளிகள்.

"இது எப்படிங்க வந்துச்சு?" என்றாள்.

"உங்கப்பாவைக் கேளு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி. குளிச்சிட்டுக் கதவைத் திறந்து போட்டுட்டு வந்துடறாரு. ஆவி பூரா எங்க போகும்?"

மாமனார் கூடத்தில் இருந்தார். காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். விழுந்தது. அவளும் போய்த் தன் பங்குக்குப் பேசினாள்.

"சின்னப் பிள்ளையாப்பா நீங்க? ஒவ்வொண்ணையும் சொல்லிக் குடுக்கணுமா?"

ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர் அவர். சொன்னால் சொன்னபடி. மறுநாளிலிருந்து பச்சைத் தண்ணீரில் குளித்தார், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். துண்டை மொட்டை மாடியில் காயப்போட்டார். காலையில் எழுந்ததும் ஜன்னல் கண்ணாடியில் பூத்திருக்கும் நீரைத் துணியால் துடைத்து, டம்ளரில் பிழிந்து என்னிடம் காட்டுவார்.

"கால் டம்ளர்தான், மாப்ள. நேத்து அரை."

பத்தாம் நாள் இருமல் பிடித்தது.

சுவரைச் சரிசெய்ய பெயின்டர் வந்தார். வீட்டில் நான் மட்டும். மாமா மாடியில் இருந்தார். பெயின்டர் பீரோவை நகர்த்தி, ஸ்டூலில் ஏறி, கூரைக்குக் கீழே இருந்த வெண்டிலேட்டரைத் தட்டினார்.

"சார், இதை யார் அடைச்சது?"

பழுப்பு டேப்பை உரித்தார். உள்ளிருந்து ஒரு சாம்பல் நிற டீ-ஷர்ட் வந்தது. என்னுடையது. குளிர் தொடங்கிய முதல் வாரம், வாடைக்காற்று தலையில் அடிக்கிறது என்று நான்தான் திணித்தேன். ஐந்து நிமிட வேலை. அதோடு மறந்துபோனது.

"முன்னாடி குடியிருந்தவங்களா இருக்கும்" என்றேன்.

பெயின்டர் டீ-ஷர்ட்டை விரித்துப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

"அவங்களும் நல்லா சாப்பிட்டவங்கதான் போல."

நான் சிரிக்கவில்லை.

"இதை அடைச்சிட்டா ஈரம் எங்க சார் போகும்? வீட்ல ஒருத்தரும் குளிக்காட்டியும் பூசணம் வரத்தான் செய்யும்."

பிளீச்சிங் கரைத்துச் சுவரைத் தேய்த்தார். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டார். மாமா இறங்கி வந்தபோது டீ-ஷர்ட் குப்பைப் பையின் அடியில் இருந்தது.

இரண்டு வாரத்தில் சுவர் நன்றாகக் காய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை மாமா அதை விரலால் தடவி எனக்குக் காட்டினார். விரல் சுத்தமாக இருந்தது.

"பாத்தீங்களா, மாப்ள? நான் அடங்கினேன், சுவரும் அடங்கிடுச்சு."

அவ்வளவு பெருமை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து குனிந்துவிட்டார்.

"இனிமே வெந்நீர்லயே குளிங்க மாமா."

"வேணாம். மறுபடி வந்துடும்."

"வராது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெண்டிலேட்டரைக் காட்டினேன். சொன்னேன். டீ-ஷர்ட், டேப், பெயின்டரிடம் சொன்ன பொய், எல்லாம்.

அவர் அண்ணாந்து அந்தத் துளையைப் பார்த்தார்.

"ரெண்டு வாரமாத் தெரியுமா?"

"ஆமா மாமா."

"அடைச்சதுல தப்பில்ல. குளிருச்சு, அடைச்சீங்க." கட்டிலில் உட்கார்ந்தார். "இன்னைக்குக் காலையில நான் குளிச்சிட்டு நடுங்கிட்டு வந்தப்ப, டீ போட்டுக் குடுத்தீங்களே மாப்ள. அப்பவும் உங்களுக்குத் தெரியும்."

மன்னித்துக்கொள்ளச் சொன்னேன்.

"என்னை விடுங்க. அவகிட்ட சொல்லுங்க. என் பொண்ணு ஒருநாளும் என்னை அப்படிப் பேசினதில்ல. நீங்க சொன்னதை நம்பித்தான் பேசினா. அவ பாவம்."

போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மனைவி அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"அப்பா இருமறது கேக்குதா? இந்தக் குளிர்ல மாடிக்குப் போகாதீங்கன்னா கேக்கறாரா? இருங்க, போய் நாலு வார்த்தை கேட்டாத்தான் சரிப்படுவாரு."

"அவரைத் திட்டாதே."

"பின்ன யாரைத் திட்டறதாம்?" என்று சிரித்தாள்.

அடுப்பை அணைக்கச் சொன்னேன்.